லிட்டிபாரா மலையில் ஒரு மைக்ராஸ்கோப்

எங்கள் வீட்டில் உலைக்கு அரிசி அளந்ததும் அம்மா அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுக்களை மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவாள். அது மிஷனெரி அரிசி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பாதி நாள் அம்மாவே அதை ஏலத்தில் எடுத்துத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒரே அரிசிக்கு எதற்கு இரண்டு தடவை செலவு என்று சின்ன வயதில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருநெல்வேலிச் சபைகளுக்கு இது பழைய பழக்கம். வெள்ளாளன்விளைக்காரரான அசரியாவும் கூட்டாளிகளும் 1903-இல் இந்தியன் மிஷனெரி சொசைட்டியைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று தீர்மானமாக இருந்தார்கள். முதல் பணித்தளம் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல். 1912-இல் அசரியா அந்த ஊருக்கே பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஆக, முகம் தெரியாத ஊருக்குக் காசு அனுப்புவதும் அங்கே இருப்பவர்களுக்காக முழங்கால் போடுவதும் எங்களுக்குக் கைவந்த காரியம். நேரே போய்ப் பார்ப்பதுதான் பின்னால் வந்தது. பொங்கல் லீவு, குடியரசு தினம், நடுவே மிச்சமிருக்கும் கேஷுவல் லீவு எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஒரு குழு கிளம்பும். மருந்துப் பெட்டி, கிட்டார், சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு, புளியோதரை. திரும்பி வந்து சபையில் சாட்சி சொல்வார்கள்.

2001 ஜனவரியில் நானும் அப்படி ஒரு குழுவில் போனேன். அப்போது ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். குழுவில் ஒரு டாக்டரம்மா, ரிட்டயர்டு கம்பவுண்டர் ஒருவர், இரண்டு நர்ஸ்கள், பாட்டுக்கென்று சில கல்லூரிப் பையன்கள், எங்கள் சேகரத்து ஐயர். (பாதிரியாரை ஐயர் என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) போன இடம் ஜார்க்கண்டின் பாகுர் மாவட்டம், லிட்டிபாரா வட்டாரம். நவம்பர் 15-ஆம் தேதிதான் ஜார்க்கண்ட் தனி மாநிலமாகியிருந்தது. கடைப் பலகைகளில் இன்னும் பிகார் என்றே இருந்தது.

அம்மாவுக்கு நான் போவதில் இஷ்டமில்லை. மிஷனெரிக்கு அரிசி போடுவது வேறு, பெண்ணையே அனுப்புவது வேறு. ஒரிசாவில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த கிரஹாம் ஸ்டெயின்ஸை இரண்டு மகன்களோடு ஜீப்புக்குள் வைத்து எரித்தது 1999 ஜனவரியில். அந்தப் பத்திரிகைப் படம் எங்கள் எல்லார் வீட்டுப் பெரியவர்கள் கண்ணிலும் நின்றது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒரிசாவைத் தாண்டும்வரை எங்கள் பெட்டியில் யாரும் சத்தமாகப் பாடவில்லை. ஐயர் மட்டும் கால்டுவெல் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இடையன்குடியில் உட்கார்ந்து திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய மனுஷன், ராஜ்மகால் மலைக்காரர்களின் பேச்சையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டாராம். ஆகவே நமக்கு அங்கே பேச்சுக்குச் சிரமம் இருக்காது என்பது ஐயரின் கட்சி. போய் இறங்கிய பிறகு அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

ஹவுராவில் மாறி, லூப் லைனில் பாகுர். ஸ்டேஷனைச் சுற்றிக் கருங்கல் ஜல்லி மலைமலையாகக் கிடந்தது. கிரஷர்கள் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தன. மரங்களின் இலைகூட சாம்பல் நிறம். அங்கிருந்து ட்ரெக்கர் ஜீப். உள்ளே எத்தனை பேரோ அதே அளவு வெளியே தொங்கினார்கள். மைக்ராஸ்கோப் பெட்டியை நான் திருநெல்வேலியிலிருந்தே மடியைவிட்டு இறக்கவில்லை. ரோடு முடிந்த இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற்றம்.

மலை மேலே இருப்பவர்கள் பஹாடியாக்கள். கீழே சமவெளியில் சந்தால்கள். வெள்ளைக்காரர்கள் 1832-இல் எல்லைக்கல் நட்டு தாமின்-இ-கோ என்று ஒரு நிலப்பரப்பைப் பிரித்தார்கள். அதன் அடிவாரக் காடுகளை வெட்டித் திருத்திப் பயிர் வைக்கச் சந்தால்கள் வந்து குடியேறினார்கள். உழுவதற்கு வராத பஹாடியாக்கள் உச்சியிலேயே நின்றுவிட்டார்கள். உச்சியில் காற்று உண்டு, காடு உண்டு, தண்ணீர் கிடையாது. சரிவில் காட்டை எரித்து, குச்சியால் குழி போட்டு, மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைப்பார்கள். பயறு காய்க்கும் முன்பே கீழே கடைக்கார மகாஜன் அதைக் கடனுக்கு எழுதி வாங்கியிருப்பான். மிச்சத்துக்கு விறகுச் சுமை. பெண்கள் விடியுமுன் சுமையோடு இறங்கி, சந்தையில் விற்று, உப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஏறுவார்கள்.

அங்கே எங்கள் ஊர்ப் பக்கத்து மிஷனெரிக் குடும்பம் ஒன்று இருந்தது. அண்ணன் பள்ளிக்கூடம் நடத்தினார். அக்கா நர்ஸ். மண்சுவர் வீடு, ஓட்டுக்கூரை, முன்னால் நீளத் திண்ணை. நாங்கள் போனபோது திண்ணையின் ஒரு பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். விருந்தாளிகள் என்று நினைத்தேன். ஒருவகையில் அப்படித்தான்.

திண்ணையின் கிழக்கு மூலையில் என் லேப். கரண்ட் இல்லை. மைக்ராஸ்கோப் அடியில் கண்ணாடி வைத்த பழைய மாடல், வெயில் விழுந்தால்தான் பார்க்க முடியும். தை மாதத்து மூட்டம் பத்து மணிவரை விலகாது. விலகியதும் எல்லோரும் ஒரேயடியாக வருவார்கள். சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை ஒரு பெண் அடிவார ஊற்றிலிருந்து பானையில் சுமந்து ஏற வேண்டும். ஸ்லைடு கழுவத் தண்ணீர் கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. ஊற்றுத் தண்ணீரில் சாயம் போட்டால் ஸ்லைடெல்லாம் கசடு. வேட்டித் துணியை நாலாக மடித்து, அதற்கு மேல் பஞ்சு வைத்து வடிகட்டி, கொதிக்க வைத்து ஆற்றி, பிறகுதான் படம் கொஞ்சம் தெளிந்தது.

முதல் நாள் ஒரு அம்மாள் விரலை நீட்டினாள். லான்செட்டை வைத்துக் குத்தினேன், இறங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். கோடரிக் காம்பும் விறகும் உரசி உரசி விரல் நுனி முழுக்கக் காய்ப்பு. "காதுல குத்து பிள்ள, விரல்ல வராது" என்றார் அக்கா உள்ளேயிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல். காதுமடலில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்த்தேன். சாலி முறைதான். ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் பத்து, பதினொன்று என்று எழுதிப் பழகிய கை. இங்கே முதல் சில சொட்டிலேயே நிறம் வெளுத்துப்போய் அளவுக்கோடு ஐந்தில் நின்றது. தப்பாகச் செய்துவிட்டேனோ என்று மறுபடி எடுத்தேன். ஐந்தேதான். ஊரில் அப்படி ஒரு ரிசல்ட் வந்தால் டாக்டருக்கு ஓடிப்போய்ச் சொல்லுவோம், கட்டிலில் படுக்க வைத்து ரத்தம் ஏற்றுவார்கள். இந்த அம்மாள் காதைத் துடைத்துக்கொண்டு, வாசலில் இறக்கி வைத்திருந்த விறகுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கிவிட்டாள்.

மலேரியா ஸ்லைடுகளில் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. அக்காவிடம் சொன்னேன். "இப்ப எப்படி இருக்கும்? மழை விட்டு, புரட்டாசி ஐப்பசியில வந்து பாரு, வீட்டுக்கு வீடு கிடப்பாங்க" என்றார். புரட்டாசியில் எங்களுக்கு லீவு கிடையாது. கொசுவின் காலண்டர் வேறு, எங்கள் சபைக் காலண்டர் வேறு. இந்த மாதிரிக் குழுக்கள் எல்லாமே தங்களுக்குத் தோதான மாதத்தில்தான் போகின்றன; பிறகு அந்த மாதத்தில் என்ன நோய் இருக்கிறதோ அதைத் தேடுகின்றன.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். கேம்ப்புக்கு வருகிறவர்கள் நடக்க முடிந்தவர்கள். முதுகுவலி, சொறி, பல்வலி, "சத்து டானிக்" வேண்டும் என்பவர்கள். நிஜமாகவே நோயாய்க் கிடப்பவன் எப்படி மலையேறி வருவான்? இதை எங்களுக்குக் காட்டியது, அக்கா பழக்கி வைத்திருந்த ஒரு பஹாடியாப் பையன். எட்டாவது வரை படித்தவன். அவன் தேய்க்கும் தடித்த ரத்தப் பூச்சு எங்கள் நர்ஸ்களுடையதைவிடச் சீராக இருக்கும். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று அவனுக்குத் தெரியும். டாக்டரம்மாவையும் என்னையும் அடுத்த டோலாவுக்கு, அதாவது அடுத்த குடியிருப்புக்கு, அழைத்துப் போனான்.

அங்கே அந்தச் சிறுமி. பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, விரலால் தடவித் தடவி மண்ணீரலின் விளிம்பைக் கண்டுபிடித்து, பால்பாயிண்ட் பேனாவால் வயிற்றின் மேலேயே கோடு போட்டார். இடது விலாவுக்கடியில் ஆரம்பித்த கோடு தொப்புளைத் தாண்டி நின்றது. மழைக்கு முன்னாலிருந்தே காய்ச்சல், விட்டு விட்டு என்றார் அவள் அப்பா. இடையில் சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு வரும் ஒருவன் குளுக்கோஸ் ஏற்றிப் பணம் வாங்கிப் போயிருந்தான். அந்தப் பக்கத்தில் அவர்களை ஜோலா சாப் டாக்டர் என்கிறார்கள். எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில்.

நரம்பில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளிந்த சீரத்தைத் தனிக் குழாயில் எடுத்தேன். அதில் இரண்டு சொட்டு ஃபார்மலின். ஆல்டிஹைடு டெஸ்ட் என்று பெயர். துல்லியமான புதுப் பரிசோதனைகள் அப்போது மலைக்கு வந்து சேரவில்லை. நோய் வந்து இரண்டு மூன்று மாதமாவது ஆகியிருந்தால்தான் இது காட்டும். குழாயைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். தெளிந்திருந்த சீரம் மெல்லக் கலங்கியது, கெட்டியாகியது. இருபது நிமிடம் ஆவதற்குள் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஆகிவிட்டது. குழாயைக் கவிழ்த்தேன். விழவில்லை. காலா அசார்.

மணல்பூச்சி கடித்துப் பரவுவது. மண்சுவர் வெடிப்பு, மாட்டுக் கொட்டில், ஈரத்தரை, அந்தப் பூச்சிக்கு இவை போதும். வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலும் சாவுதான். வைத்தியம் உண்டு: சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் ஊசி. எடைக்குத் தகுந்த அளவில் தினம் ஒன்று, ஒரு மாதம் போல. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வட பிகாரில் ஏற்கெனவே அது நடந்து, ஊசி பலிக்காமல் போய்க்கொண்டிருந்தது. இதயத்தையும் கவனித்துக்கொண்டே போட வேண்டிய மருந்து.

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்ததை நான் பார்த்தேன். எங்கள் திரும்பும் டிக்கெட், லீவு, ஆஸ்பத்திரி டியூட்டி. எந்தக் கணக்கிலும் அந்த ஊசி எங்கள் லீவுக்குள் அடங்கவில்லை. தினமும் அந்தக் குழந்தையை யாராவது முதுகில் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஏறுவதும் நடக்காது. அப்பா மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் படுத்திருந்த இரண்டு பேரை நகர்ந்து படுக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவதாக ஒரு கம்பளியை விரித்தார். அவர்களும் ஊசிக்காரர்கள்தான்.

குழுவுக்குள் ஒரு தகராறும் வந்தது. டாக்டரம்மா கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: மாத்திரையோடு கைப்பிரதி கொடுக்கக் கூடாது. பையன்களில் ஒருவனுக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தது சுவிசேஷத்துக்கா, பாராசிட்டமாலுக்கா என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுவிட்டான். டாக்டரம்மா சாதத்தைப் பிசைந்துகொண்டே, "காய்ச்சல்ல கெடக்கறவன் நீ எதை நீட்டினாலும் வாங்குவான் தம்பி. அதை அவன் ஏத்துக்கிட்டான்னு ஊருக்கு வந்து எழுதாதே" என்றார். ஐயர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். நான் டாக்டரம்மா கட்சி, இன்றும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மலையில் விசுவாசமாகியிருந்த சில குடும்பங்கள் கைப்பிரதி படித்து வந்தவையல்ல, அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. திண்ணையில் ஒரு மாதம் படுத்து எழுந்து போனவர்கள் அவர்கள். அக்கா அதைச் சாட்சியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால், "நல்லாப் போனவங்களும் உண்டு, செத்துப் போனவங்களும் உண்டு" என்பார்.

ஒருநாள் ராத்திரி ஜெனரேட்டர் வைத்து 'தயாசாகர்' படம் போட்டோம். தெலுங்கில் 1978-இல் வந்த 'கருணாமயுடு'வின் இந்தி வடிவம். மூன்று டோலாக்களிலிருந்து பந்தம் பிடித்து வந்தார்கள். இந்தி பாதிப் பேருக்குப் புரியாது. கழுதை வந்த காட்சியில் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். சிலுவைக் காட்சியில் ஒரு கிழவி எழுந்து திரையைப் பார்த்துத் திட்டினாள். பாதியில் டீசல் தீர்ந்து, உயிர்த்தெழுதலை அண்ணன் வாயால் சொல்லி முடித்தார்.

குடியரசு தினத்தன்று குஜராத்தில் நிலநடுக்கம். பூஜ் நகரமே விழுந்துவிட்டதாக அண்ணனின் டிரான்சிஸ்டரில் கேட்டோம். ஜெபித்தோம். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததுமே பையன்கள், அடுத்த டீம் அங்கே போக வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தப்பில்லை, அங்கேயும் ஆள் தேவைதான். அக்கா மட்டும் ஊசி கொதிக்க வைத்த பாத்திரத்தை இறக்கிக்கொண்டே, "போங்க போங்க" என்றார். அது வாழ்த்தா கிண்டலா என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்து சபையில் அறிக்கை வாசித்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு வைத்தியம் பார்த்தோமாம். சத்து டானிக்குக்காக மூன்று நாள் வேறு வேறு புடவையில் வந்த ஒரு பாட்டி அந்தக் கணக்கில் மூன்று பேர். நான் ரெஜிஸ்டர் எழுதியவள், எனக்குத் தெரியும். கைதட்டினார்கள். என் மனதில் வேறு கணக்கு ஓடியது: எங்கள் எல்லோருடைய ரயில் காசையும் மருந்தாக வாங்கி அனுப்பியிருந்தால் அந்தத் திண்ணையில் எத்தனை பேர் எழுந்து நடந்திருப்பார்கள்?

இதை ஐயரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீ போகாம இருந்தா இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பியா?" என்றார். மடக்கிவிட்டதாக அவருக்குத் திருப்தி. எனக்கு இல்லை, பயணத்தைப் பயணத்தாலேயே நியாயப்படுத்துகிற பேச்சு அது. ஆனால் அடுத்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்தச் சிறுமியின் வயிற்றில் பேனாக்கோடு போட்டதைச் சொன்னேன். காலா அசார் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. "அந்த வயித்துல கோடு போட்ட பிள்ளைக்கு" என்று சொல்லியே காணிக்கை சேர்த்தார்கள். அதுவரை பொதுவாக "வடநாட்டு ஊழியத்துக்கு" என்று போன பணம், அதன்பின் சில வருடம் மருந்துக்கென்றே தனியாகப் போயிற்று. அறிக்கையில் இல்லாத இந்த ஒரு வரவை நான் மறுப்பதற்கில்லை.

பங்குனியில் அக்காவிடமிருந்து இன்லண்ட் லெட்டர். நாங்கள் கிளம்பிய சில நாளில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. சோறு கேட்டாள் என்றதும் அப்பாவுக்குச் சந்தோஷம்; நோய் போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். காட்டு வேலை காத்திருந்தது. அக்காவும் அந்தப் பையனும் டோலாவுக்கு ஏறிப் போய்ப் பேசி, அப்பாவோடு சண்டை போட்டு, கடைசியில் ஊசியைப் பையில் எடுத்துக்கொண்டு தினம் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறியிருக்கிறார்கள். கோர்ஸ் முடிந்தது, மண்ணீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தார். கூட இருந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்துபோனார். அதையும் அதே வரியில் எழுதியிருந்தார். கீழே, வடிகட்டும் பேப்பர் இருந்தால் அனுப்பு, வேட்டித் துணி கிழிந்துவிட்டது.

அடுத்த வருடமே வாயால் சாப்பிடும் மில்டிஃபோசின் மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2014 வாக்கில் லைப்போசோமல் ஆம்போடெரிசின் அரசுத் திட்டத்தில் வந்தது. ஒரே ஒரு தடவை டிரிப்பில் ஏற்றினால் போதும். தயாரிக்கும் கம்பெனி உலக சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது. சுவருக்கு அடிக்கும் டி.டி.டி.க்குப் பதிலாக வேறு மருந்து வந்தது. வட்டாரத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே என்ற இலக்கை அரசாங்கம் 2010 என்று வைத்து, தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. 2023 தொடக்கத்தில் ஒரு செய்தி படித்தேன்: நாடு முழுக்க நோய் இருந்த 633 வட்டாரங்களில் 632 இலக்கைத் தொட்டுவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று, பத்தாயிரத்துக்கு 1.23. பாகுர் மாவட்டம், லிட்டிபாரா.

அக்காவுக்குப் போன் போட்டேன். மலையைவிட்டு வந்து வருடங்களாகிவிட்டன, இப்போது நாசரேத் பக்கம் மகன் வீட்டில். காது கொஞ்சம் மந்தம். செய்தியைச் சத்தமாக வாசித்தேன். "எந்த டோலான்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். அதெல்லாம் போடவில்லை என்றேன். ஒவ்வொரு டோலாவாகப் பெயர் சொல்லி, அதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று தனக்குத்தானே ஓட்டிப் பார்த்தார். அடுத்த வருடக் கணக்கில் லிட்டிபாராவும் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி போன் போட்டு அதையும் சொன்னேன்.

"இப்ப எத்தனை நாளு ஊசி?"

"ஊசியெல்லாம் இல்லக்கா. ஒரே நாள். ஒரு டிரிப்."

"ஒரு நாளா?"

"ஒரே நாள்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அக்காவின் சிரிப்பு வந்தது. "அடப் பாவி! அப்ப உங்க லீவுக்குள்ளேயே முடிஞ்சிருக்குமே பிள்ள!"